வாய்விட்டுப் படித்த மத்தியானங்கள்

எங்கள் டவுன் நூலகத்தில் ‘இங்கே பேசக்கூடாது’ என்று தமிழில் எழுதி ஒட்டியவன் நான்தான். தெலுங்கில் ஏற்கெனவே ஒரு பலகை இருந்தது. ‘நிசப்தமு பாட்டிஞ்சண்டி’, அதாவது அமைதி காக்கவும், என்று அதில் எழுதியிருந்ததை யாரும் மதிப்பதில்லை என்பது என் குறை. இது சத்தியவேட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஆந்திர ஊர், பாதிப் பேர் தமிழ்க்காரர்கள், அவர்களுக்குத் தெலுங்கு எழுத்து தெரியாததால்தான் பேசுகிறார்கள் என்று நூலகரிடம் போய்ச் சொன்னேன். அவர் தெலுங்குக்காரர். சிரித்துவிட்டு, நீயே எழுதிக்கொண்டு வா என்றார். சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, நாலு பக்கமும் கோடு போட்டு ஒட்டினேன். ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.

எனக்கு அந்த அமைதி ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா கட்டடங்களுக்கு சென்ட்ரிங் அடிக்கிறவர், கான்கிரீட் கொட்டப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற வேலை. அவருடைய நைனாவுக்குச் சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. சர்க்கார் பட்டா கொடுத்த ஒரு துண்டு நிலத்தில் நாங்கள் இப்போது வேர்க்கடலை போடுகிறோம். இப்படிப்பட்ட வீட்டில் படிப்பு என்றால் சத்தம். நான் சின்ன வகுப்பில் இருந்தபோது, என் குரல் கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் அம்மா என்னை ஒரு வேலைக்கும் கூப்பிட மாட்டாள். குரல் நின்றதும், முடித்துவிட்டாயா, போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டு என்பாள். வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்ப்பதும் படிப்புதான் என்று எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. நான் டிகிரி முடித்து அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதுகூட, பக்கத்து வீட்டில் என்னைப் பற்றிக் கேட்டால், “சும்மா உக்காந்துக்கினு கீறான்” என்றுதான் சொல்வாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். உள்ளதைச் சொல்கிற மாதிரி சொல்வாள்.

நைனா நாள் முழுக்கக் கலவை மெஷின் பக்கத்தில் கத்திப் பேசிப் பழகியவர். வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். இரண்டு பக்கத்து வீட்டு டிவியும் எங்கள் வீட்டுக்குள்தான் ஓடும். ஆகவே, கம்மென்று உட்கார்ந்திருப்பதை ஒரு வேலை என்று ஒத்துக்கொண்ட முதல் இடம் எனக்கு அந்த நூலகம்தான். காலை எட்டு மணிக்குப் போய் ஜன்னல் பக்கம் இரண்டாவது நாற்காலியைப் பிடித்துவிடுவேன். என்னைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஏதோ ஒரு பரீட்சைக்காரர்கள். மின்விசிறி ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. அந்தச் சத்தமில்லாத இடத்துக்கு நான் காவல்காரன் மாதிரி ஆகிவிட்டேன். யாராவது இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மத்தியானம் ஒரு அக்கா வந்தாள்.

கம்பெனிச் சீருடையிலேயே வந்திருந்தாள். காலை ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் அவளை ஜங்ஷனில் இரண்டரை மணிக்கு இறக்கிவிடும். அவள் ஊருக்குப் போகிற டவுன் பஸ் ஐந்து மணிக்குத்தான். நடுவில் இருக்கிற நேரத்துக்கு நூலகம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் அலமாரியிலிருந்து ஆசிரியர் தேர்வுக்கான தடித்த தெலுங்கு கைடு ஒன்றை எடுத்து, போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து, கேமராவை அதன்மேல் பிடித்தாள். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டாள். ஆனால் இயர்போன் முனை போனில் சரியாக இறங்கவில்லை. அது தெரியாமல் எதையோ அழுத்தினாள். உடனே ஒரு பெண் குரல், மனிதக் குரல் இல்லை, செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு மெஷின் தமிழில், குழந்தை வளர்ச்சியைப் பற்றி அறை முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது. அது பேசிய தமிழ் யாருக்கும் புரிகிற தமிழாகவும் இல்லை. அக்காவுக்கோ காதில் ஒன்றும் விழவில்லை என்று சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

பையன்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. எழுந்து போய் அவள் மேஜையைத் தட்டி, சுவரில் இருந்த என் எழுத்தைக் காட்டினேன். பேசாமல் விரலால் காட்டினேன். அது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று இப்போது தெரிகிறது. அவள் முகம் சிவந்துபோய்ப் போனை அணைத்தாள். கைடை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். ஐந்து மணி வரைக்கும் பஸ் நிற்கிற இடத்தில் வெயிலில் நின்றிருப்பாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாள். நேராக என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, வாசலுக்குக் கூப்பிட்டாள். சண்டை போடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

“போர்டு எழுதினது நீதானாமே தம்பி. எழுத்து நல்லா கீது” என்றாள்.

பிறகு உள்ளே என் மேஜைப் பக்கம் கையைக் காட்டினாள்.

“உனக்குத் தெலுங்கு படிக்க வரும், கம்முனு படிச்சிக்கினு போற. எனக்குப் பேச வரும், படிக்க வராது. யாராச்சும் படிச்சிக் காதுல வுழுந்தாத்தான் எனக்கு அது புக்கு. இல்லாட்டி வெறும் காயிதம்.”

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்குத் தமிழ் வாத்தியார் வேலை உண்டு. கேள்வித்தாளும் தமிழில் வரும். ஆனால் ஆந்திராவின் பாடத்திட்டம், ஆந்திராவின் சரித்திரம், ஆந்திராவின் திட்டங்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான கைடுகள் தெலுங்கில்தான். எல்லையைத் தாண்டிப் போய் வாங்கிவருகிற தமிழ்ப் புத்தகங்களில் அந்த ஊர்ப் பாடம்தான் இருக்கும். அக்கா ஒன்றாவது முதல் ஆசிரியர் பயிற்சி வரைக்கும் தமிழிலேயே படித்தவள். கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்று, கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இப்போதுதான் மறுபடியும் புத்தகத்தைத் தொடுகிறாள். இந்த அறிவிப்பை விட்டால் அடுத்தது வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். அவளுக்கு இது கடைசி வாய்ப்பு. கைடு வெளியே கொடுக்கிற புத்தகம் இல்லை. வீட்டில் படித்துக் காட்ட ஆளும் இல்லை.

எனக்கு இரண்டு எழுத்தும் தெரியும். பத்தாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதற்குமேல் இங்கே தமிழில் படிக்க வழி இல்லாததால் இன்டர்மீடியட்டில் தெலுங்கு மீடியத்தில் போய் விழுந்து, முதல் ஆறு மாதம் மற்ற பிள்ளைகள் என் படிப்பைப் பார்த்துச் சிரிக்கச் சிரிக்கக் கற்றுக்கொண்டது. அந்தச் சிரிப்பையெல்லாம் தாண்டி வந்தவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அது யாருக்காவது உபயோகப்படும் என்று அதுவரைக்கும் தோன்றினதில்லை.

“நான் படிச்சிக் காட்றேங்கா” என்றேன்.

வாசிப்பறையின் கடைசி மூலையில் உட்கார்ந்து தொடங்கினோம். நான் தெலுங்கில் ஒரு வரியை மூச்சுக் குரலில் படிப்பேன். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே நோட்டில் தமிழில் எழுதுவாள். ‘அப்யசனம்’ என்று நான் படித்தால் அவள் ‘கற்றல்’ என்று எழுதுவாள். ‘ப்ரேரண’ என்று வந்தபோது நான் என் அறிவைக் காட்ட, தூண்டிவிடுவது என்றேன். பயிற்சிப் பள்ளியில் அதற்கு ஊக்கம் என்று பெயர் தம்பி என்று திருத்தினாள். எழுத்து என்னிடம் இருந்தது, பாடம் அவளிடம் இருந்தது. ஒரு மத்தியானத்தில் மூன்று பக்கம் நகர்ந்தோம்.

நாலாவது நாள், போலீஸ் கான்ஸ்டபிள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருவன் எங்கள் பக்கம் வந்தான். தெலுங்குப் பையன், என் வயதுதான். வெகு மரியாதையாக, “ப்ரோ” என்று ஆரம்பித்து, நாலு நாளாகப் பொறுத்துக்கொண்டிருப்பதாகவும், எங்கள் முணுமுணுப்பு உரத்த பேச்சைவிடத் தொந்தரவாக இருப்பதாகவும் தெலுங்கில் சொன்னான். அவன் வீடு ஆட்டோ ஒர்க்‌ஷாப்புக்கு அடுத்த சுவர். அவனுக்கும் இதை விட்டால் வேறு இடம் கிடையாது. பேசிக்கொண்டே சுவரில் என் சார்ட்டைக் காட்டினான். நான் அக்காவுக்குக் காட்டின அதே விரலால் காட்டின மாதிரி இருந்தது.

அவன் சொன்னதும் நியாயம்தான். அதுதான் என்னைப் போட்டு அழுத்தியது. அவன் பொல்லாதவனாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மூன்று பேரும் நூலகரிடம் போனோம். அவர் இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு, வெகு நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தெலுங்கில் சொன்னார். சத்தமில்லாமல் உட்கார வேறிடம் இல்லாதவனும் இங்கே மெம்பர், யாராவது படித்துக் காட்டினால்தான் புரியும் என்கிறவளும் இங்கே மெம்பர், ஒருத்தர் கார்டை வாங்கி மற்றவரிடம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார். முன்னறைக்குப் போங்கள் என்றார்.

முன்னறை என்பது நாளிதழ் படிக்கிற இடம். இரண்டு நீள பெஞ்சு, ஒரு சாய்வு மேஜை. மத்தியானத்தில் ஓய்வு பெற்ற நாலைந்து பெரியவர்கள் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே பேசினால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் முன்னறைக்கும் வாசிப்பறைக்கும் நடுவில் இருந்த கதவு சாத்தாது. எந்த மழைக்காலத்திலோ ஊதி, தரையில் உராய்ந்து, பாதியில் சிக்கி நின்றதுதான். பல வருஷமாக அப்படியேதான் நிற்கிறது. ரிப்பேருக்கு எழுதிப் போட்டால் வரும், ஆனால் அதற்குள் உங்கள் பரீட்சை முடிந்துவிடும் என்றார் நூலகர்.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டில் நைனாவிடம் இதைச் சொன்னேன். உதவி கேட்டுச் சொல்லவில்லை, சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னது. அவர் கதவைப் பற்றி மட்டும் மூன்று கேள்வி கேட்டார். என்ன மரம், எந்தப் பக்கம் இடிக்கிறது, கீல் துருப்பிடித்திருக்கிறதா. அடுத்த விடுமுறை நாளில் இழைப்புளியும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

நைனா அதுவரை ஒரு நூலகத்துக்குள் கால் வைத்ததில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். எங்களுக்காகத் திறந்து வைத்திருந்த நூலகரிடம், தன் ஜன்மத்தில் முதல் தடவையாக மெதுவான குரலில், “சுத்தி அடிக்கலாமா சார், சத்தம் வரும்” என்று கேட்டார். யாருமே இல்லாத அறை அது. நூலகர் அடிக்கலாம் என்று சொன்ன பிறகும் சுத்தியலைத் துணியால் சுற்றித்தான் அடித்தார். கதவைக் கழற்றிப் படுக்க வைத்து, அடிப்பக்கத்தை இழைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டினார். ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். போய்ச் சாத்திக்கொண்டது.

வேலை முடிந்த பிறகு அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதெல்லாம் நீ படிச்சிட்டியா?”

“எல்லாம் இல்ல நைனா. கொஞ்சம்தான்.”

“கொஞ்சம்னா எது வரிக்கும்?”

போட்டித் தேர்வு அலமாரியைக் காட்டினேன். அவர் அங்கிருந்து சுவர் வரைக்கும் கண்ணாலேயே அளந்தார். பிறகு நூலகரிடம் திரும்பி, “எம்புள்ள அந்த பீரோ வரிக்கும் வந்துட்டான் சார்” என்றார். பாதி நிலம் களை எடுத்தாகிவிட்டது, மீதி நாளைக்கு என்று சொல்கிற குரல். நூலகர் சிரிக்காமல் தலையாட்டினார். அந்த மனிதரை அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதற்கப்புறம் ஏழு மாதம், கதவைச் சாத்திக்கொண்டு, முன்னறையில் நான் வாய்விட்டுப் படித்தேன். மூச்சுக் குரல் இல்லை, சொந்தக் குரல். எங்கள் அம்மா கேட்டிருந்தால் ஒரு வேலைக்கும் கூப்பிட்டிருக்க மாட்டாள். காலையெல்லாம் உள்ளறையில் எனக்காகக் கம்மென்று படிப்பேன், இரண்டரை மணிக்கு வெளியே வந்து அக்காவுக்காகச் சத்தமாகப் படிப்பேன். அதே கம்பெனியில் வேலை செய்கிற இன்னும் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். மூன்று நோட்டுகள் ஒன்றாக ஓடின. பேப்பர் படிக்க வந்த பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். போகப் போகப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை அடிக்காமல் எப்படிக் கற்பிப்பது என்கிற பாடம் வந்தபோது ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

“அடிக்காத வாத்தியாருக்கு எவன் பயப்படுவான்?” என்றார்.

“உங்க வாத்தியார் உங்கள நல்லா அடிச்சாரா தாத்தா?” என்று கேட்டாள் அக்கா.

“அடி பின்னிட்டாரு.”

“எத்தினியாவது வரிக்கும் படிச்சீங்க?”

“அஞ்சாவதோட ஓடியாந்துட்டேன்” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மற்ற பெரியவர்கள் ஒரு வாரம் அவரை விடவில்லை.

கான்ஸ்டபிள் பரீட்சைக்காரனும் ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு வந்தான். சத்தம் கேட்கிறது என்று சொல்லத்தான் வருகிறான் என்று படிப்பதை நிறுத்தினேன். அவன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, மாநில சரித்திரம் தனக்கும் உண்டு ப்ரோ, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மனசில் நிற்கிறது, படி என்றான். தெலுங்குக்காரன், தெலுங்கு எழுத்து நன்றாகத் தெரிந்தவன். ஆனாலும் தினம் நாலரை மணிக்கு வந்துவிடுவான். எழுத்து தெரியாதவர்களுக்குத்தான் காதால் படிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு.

அந்த வருஷம் என் பரீட்சையில் நான் தேறவில்லை. அக்காவுக்காகப் படித்த நேரத்தால்தான் என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. எனக்குக் கணக்கு வராது, அவ்வளவுதான். அடுத்த முறை கணக்கைப் பிடித்துக்கொண்டு தேறிவிட்டேன். இப்போது திருப்பதியில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கேயும் நூலகத்துக்குப் போகிறேன். பெரிய அறை, புத்தகக் கட்டுகளுக்குப் பின்னால் வரிசையாகத் தலைகள், ஊசி விழுந்தால் கேட்கும். நூலகம் அமைதியாகத்தான் இருக்க வேண்டும் என்று இங்கே யாராவது சொன்னால், ஆமாம் என்றுதான் நானும் சொல்கிறேன். அந்த அமைதி இல்லாவிட்டால் நான் இல்லை. அதோடு ஒன்றும் கேட்கிறேன், பக்கத்தில் இன்னொரு அறை இருக்கிறதா, அதற்கு நடுவில் சரியாகச் சாத்துகிற கதவு இருக்கிறதா என்று. சத்தம் போட்டுப் படிக்கிறவர்களைத் துரத்திவிட்டு வருகிற அமைதி, ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற அமைதி. நான் அதற்குச் சார்ட் பேப்பரில் கோடெல்லாம் போட்டுக் கொடுத்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அக்கா தேறினாள், ஆனால் அவர்கள் பட்டியல் வெளிவருவதற்குள் நான் இங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பட்டியலில் பேர் வந்துவிட்டது என்று போனில் சொன்னபோது கம்பெனி பஸ்ஸுக்குள் இருந்தாள். பின்னால் பெண்களின் கூச்சலில் பாதி கேட்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை என்று தேர்ந்தெடுக்கச் சித்தூருக்குப் போக வேண்டும். காலி இடங்களைத் தெலுங்கில்தான் ஒட்டியிருப்பார்கள், தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது, கூட வா என்றாள். வீட்டுக்காரர் லாரியில் போயிருந்தார். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அலுவலக வராந்தாவில் சுவர் நெடுக காகிதங்கள் ஒட்டியிருந்தன. தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கான பக்கத்தின் முன்னால் ஒரு கூட்டம், ஆனால் பேச்சே இல்லை. குப்பம் பக்கத்திலிருந்தும் நகரி பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். எல்லோருக்கும் தெலுங்கைத் தப்பாகப் படித்து மாட்டிக்கொள்வோமோ என்கிற பயம் இருந்தது. கையில் பைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல முன்னால் போய், முதல் வரியில் விரலை வைத்து வாயைத் திறந்தேன்.

அக்கா என் கையைப் பிடித்து இறக்கினாள். “இரு தம்பி. நானே பாக்கறேன்.”

எனக்குப் புரியவில்லை. அவள் சுவருக்கு அருகில் போய், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். “சாந்... தி... பு... ரம். சாந்திபுரம்.” ஒன்றாவது பிள்ளை படிக்கிற வேகம். ஆனால் தப்பில்லை. ஏழு மாதமாக என் விரல் ஓடின வரிகளை அவள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதும் இல்லை.

சாந்திபுரம் என்றால் மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. பலமனேர் தாண்டி, இன்னும் போக வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடி மாற வேண்டியிருக்கும். அவள் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுத்த வரிக்குப் போனாள்.

பின்னால் நின்றிருந்த ஒரு பெண், குப்பம் பக்கத்துத் தமிழ்தான், தயங்கித் தயங்கி, “எங்களுக்கும் கேக்கறாப்ல படிம்மா” என்றாள். அக்கா திரும்பிப் பார்த்தாள். ஐந்தாறு பேர் பைலைத் திறந்து பேனாவோடு நின்றிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தி, மேலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். ஒரு வரி படிப்பாள், அவர்கள் எழுதி முடிக்கிற வரைக்கும் நிற்பாள், அடுத்த வரிக்குப் போவாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் தூணில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தேன்.